சிரிப்பு யாருடைய கையில்? 'இன்டச்சபிள்ஸ்' படம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரெஞ்சுப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த ஒரு படத்தில்தான் வந்து நிற்கிறது. பார்த்தவர்கள் கண் கலங்கிச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது ஒருவர், "ஆனாலும் அந்தக் கறுப்புப் பையனை அப்படிக் காட்டியது சரியா?" என்று கேட்கிறார். அந்த 'ஆனாலும்'தான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. எனக்கு இந்தப் படம் பிடிக்கும். அதன் குறைகளும் எனக்குத் தெரியும். பதில்கள் இந்த இரண்டிலிருந்தும் வந்தவை.

எந்தப் படம் இது? கதை என்ன?

'அன்தூஷாப்ல்' என்பது பிரெஞ்சுத் தலைப்பின் உச்சரிப்பு. நம் ஊரில் 'இன்டச்சபிள்ஸ்' என்று சொல்லியே பழகிவிட்டோம். 2011 நவம்பர் 2 அன்று பிரான்ஸில் வெளிவந்தது. எழுதி இயக்கியவர்கள் ஒலிவியே நகாஷ், எரிக் தொலெதானோ என்ற இரட்டையர். இருவருமே வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரான்ஸுக்கு வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள்.

பாராகிளைடிங் விபத்தில் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த பெரும் பணக்காரர் பிலிப் (பிரான்சுவா க்ளூஸே). அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். வரிசையில் வந்து உட்கார்பவர்கள் சான்றிதழ்களை அடுக்குகிறார்கள், சேவை மனப்பான்மை பற்றி மனப்பாடமாகப் பேசுகிறார்கள். செனகல் வம்சாவளியைச் சேர்ந்த ட்ரிஸ் (ஒமர் சீ) வேலை கேட்டு வரவில்லை. 'வேலை தேடினேன், கிடைக்கவில்லை' என்று ஒரு கையெழுத்து கிடைத்தால் வேலையில்லாதோர் உதவித்தொகை தொடரும். அதற்காக வந்தவன். திருட்டு வழக்கில் ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தவனும்கூட. பிலிப் அவனையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்.

பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 1.94 கோடி டிக்கெட்டுகள் விற்றன. அப்போது அந்த நாட்டின் மக்கள்தொகை சுமார் 6.5 கோடி. உள்ளூர் படங்களில் இதைவிட அதிகம் பேர் பார்த்தது 2008-இல் வந்த இன்னொரு நகைச்சுவைப் படத்தை மட்டும்தான். ஜெர்மனியிலும் ஏறக்குறைய 90 லட்சம் பேர் பார்த்தார்கள்.

உண்மைக் கதை என்கிறார்களே, எவ்வளவு உண்மை?

அடித்தளம் உண்மை. பிலிப் போஸ்ஸோ தி போர்கோ என்ற பிரபு குடும்பத்து மனிதர் பொம்மெரி ஷாம்பெய்ன் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்தவர். 1993-இல் பாராகிளைடிங் விபத்து நடந்தது. அவரைக் கவனித்துக்கொள்ள வந்தவர் அப்தெல் செல்லு, அல்ஜீரியாவில் பிறந்து பாரீஸில் வளர்ந்தவர். 2001-இல் போஸ்ஸோ தி போர்கோ தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். 2003-இல் இருவரையும் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. அதைப் பார்த்துத்தான் இயக்குநர்கள் போஸ்ஸோ தி போர்கோவைத் தேடிப் போனார்கள். 'எடுப்பதானால் சிரிக்கிற மாதிரி எடுங்கள்' என்பதுதான் அவர் அவர்களிடம் கேட்டுக்கொண்டது. 2023 ஜூனில் மொராக்கோவில் அவர் காலமானார்.

மாற்றங்கள் பல. அப்தெல் வேலைக்கு வந்தபோது போஸ்ஸோ தி போர்கோவின் மனைவி உயிரோடு இருந்தார். படத்தில் மனைவி ஏற்கெனவே இறந்துபோனவர். இருவரும் உண்மையில் சேர்ந்திருந்தது ஏறக்குறைய பத்து ஆண்டுகள், படத்திலோ சில மாதங்கள்.

பெரிய மாற்றம் நிறத்திலும் பூர்வீகத்திலும். அல்ஜீரியர் செனகல்காரர் ஆனார். ஒமர் சீ அந்த இயக்குநர்களின் முந்தைய படங்களில் நடித்தவர். அவரை மனத்தில் வைத்தே இந்தப் பாத்திரத்தை எழுதினார்கள். காரணம் அவ்வளவுதான், அதில் தப்பும் இல்லை. ஆனால் பாத்திரத்தோடு சேர்ந்து வரலாறும் மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அல்ஜீரியாவும் பிரான்ஸும் 1954 முதல் 1962 வரை போரிட்ட நாடுகள். ஒரு பிரெஞ்சுப் பிரபுவை ஓர் அல்ஜீரியர் தூக்கிக் குளிப்பாட்டும்போது பார்வையாளர் மனத்தில் ஓடுவது வேறு. செனகல் என்றானதும் அந்த முள் கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. அதனால் படம் பார்க்க இலகுவானது. ஒரு பேச்சு நடக்காமலும் போனது.

தலைப்பை 'தீண்டத்தகாதவர்கள்' என்று மொழிபெயர்க்கலாமா?

அகராதிப்படி பார்த்தால் அதுதான் பொருள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. இந்தியச் சாதி அமைப்பில் ஒதுக்கப்பட்டவர்களைக் குறிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட சொல் அது. சட்டமோ மற்றவர்களோ நெருங்க முடியாத உயரத்தில் இருப்பவர்களுக்கும் அதே சொல்தான். ஏழைகள் வாழும் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்த ட்ரிஸ் முதல் பொருளில் தொடப்படாதவன். மாளிகைக்குள் இருக்கும் பிலிப் இரண்டாம் பொருளில். பிலிப்புக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: யார் தொட்டாலும் அவருக்குத் தெரியாது.

இந்த விளையாட்டு தமிழில் நடக்காது. நமக்கு அது அகராதியில் படித்துத் தெரிந்துகொண்ட சொல் அல்ல. ஊரின் குளமும் கோயிலும் தேநீர்க் கடையின் தனிக் குவளையும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. அதை இரண்டு நண்பர்களின் சிரிப்புக் கதைக்குத் தலைப்பாக வைக்க எனக்கு மனம் வராது. பாரீஸில் உட்கார்ந்து அந்தச் சொல்லை உருவகமாக எடுத்துக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அவர்களுக்கும் அதற்கும் இடையில் இருந்த தூரம். தமிழ் மறுஆக்கத்துக்குத் 'தோழா' என்று பெயர் வைத்தவர்கள் சரியாகவே செய்தார்கள்.

இது வர்க்கம் பற்றிய படமா, நிறம் பற்றிய படமா?

வர்க்கம் பற்றியது என்று படம் சொல்லிக்கொள்கிறது. அதன் நல்ல நகைச்சுவை எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

ஓவியக் கூடக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயம் சிதறியது போல ஓர் ஓவியம். பிலிப் அதன் முன் மெய்மறந்து நிற்கிறார். யாருக்கோ மூக்கில் ரத்தம் கொட்டியிருக்கிறது, அதற்கா இத்தனை ஆயிரம் யூரோ என்கிறான் ட்ரிஸ். பிறகு அவனே ஓர் ஓவியம் வரைகிறான். வளர்ந்து வரும் கலைஞர் ஒருவருடையது என்று சொல்லி பிலிப் அதைத் தன் பணக்கார நண்பர் தலையில் கட்டுகிறார். விலை 11,000 யூரோ. ரசனை என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் பாதி, யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதை இந்தக் காட்சி பாடம் நடத்தாமலேயே காட்டிவிடுகிறது.

ஓபெரா அரங்கில் ஒருவர் மரம் போல வேடமிட்டு ஜெர்மன் மொழியில் பாடத் தொடங்குகிறார். ட்ரிஸ் வாய்விட்டுச் சிரிக்கிறான். பிறந்தநாள் விருந்தில் வாத்தியக் குழு செவ்வியல் இசை வாசிக்கிறது. அதில் ஒன்றை அவன் உடனே கண்டுகொள்கிறான், வேலையில்லாதோர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் காத்திருக்கச் சொல்லி ஒலிக்கும் இசை என்று. நான் மிக ரசிக்கும் வசனம் இது. ஒரே மெட்டு, ஒருவருக்கு மாளிகை விருந்து, இன்னொருவருக்கு உதவித்தொகைக்காகக் காதில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்த மணி நேரங்கள்.

இன்னொன்று குளியலறை. அத்தை வீட்டில் ட்ரிஸ் ஒரு சின்னத் தொட்டிக்குள் மடங்கி உட்கார்ந்து குளிக்கிறான். பிள்ளைகள் கதவைத் திறந்துகொண்டு வந்து போகிறார்கள். மாளிகையில் அவனுக்குக் கொடுத்த அறையில் தனியாக ஒரு குளியலறை. அவன் அதைப் பார்க்கும் பார்வையில்தான் வேலையை ஒத்துக்கொள்கிறான் என்பது என் எண்ணம். பெரிய வசனம் எதுவும் இல்லை. ஒரு கதவு, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. இட நெருக்கடியில் வளர்ந்த யாருக்கும் இது விளங்கும்.

ஆனால் பிரான்ஸில் வர்க்கத்தையும் நிறத்தையும் கத்திரிக்கோலால் வெட்டிப் பிரிக்க முடியாது. புறநகர் அடுக்குமாடிகளில் யார் இருக்கிறார்கள், இரவில் அலுவலகங்களைத் துடைப்பது யார், தெருவில் போலீஸ் யாரை நிறுத்துகிறது என்று கேட்டால் பதிலில் நிறம் வந்துவிடும். படத்தின் முதல் காட்சியே அப்படிப்பட்டது. இருவரும் இரவில் காரில் பறக்கிறார்கள், போலீஸ் துரத்துகிறது. தப்பித்துவிடலாம் என்று பந்தயம். மாட்டிக்கொண்டதும் ட்ரிஸை வண்டியின் மேல் அழுத்திப் பிடிக்கிறார்கள். பிலிப் வலிப்பு வந்தது போல நடிக்கிறார். போலீஸே வழிகாட்டி மருத்துவமனை வரை கூட்டிப்போகிறது. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்த காட்சி. பக்கத்து இருக்கையில் பிலிப் இல்லாமல் ட்ரிஸ் தனியாக அந்தக் காரை ஓட்டியிருந்தால்? பிரான்ஸின் உரிமைகள் பாதுகாப்பாளர் என்ற அரசு அமைப்பு 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கறுப்பராகவோ அரபியராகவோ தோற்றம் கொண்ட இளைஞர்கள் அடையாளச் சோதனைக்கு நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு அதிகம். நகைச்சுவை எழுதியவர்களுக்கு அந்த நடப்பு தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் காட்சி சிரிப்பு மூட்டுகிறது.

அமெரிக்காவில் இதை இனவெறிப் படம் என்றார்களாமே?

'வெரைட்டி' என்ற அமெரிக்கத் திரைத்துறை இதழின் விமர்சகர் ஒருவர் மிகக் கடுமையாக எழுதினார். எசமானைச் சிரிக்க வைக்கும் விசுவாசமான கறுப்பு வேலைக்காரன், பழைய அமெரிக்க மேடைகளில் இருந்து எழுந்து வந்துவிட்டான் என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். பிரான்ஸில் பலருக்கு அது அதிர்ச்சி. ஊரே கொண்டாடும் படத்தை இப்படியா சொல்வது என்று கோபப்பட்டார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, அந்த விமர்சனத்திலும் உண்டு. அமெரிக்கத் திரைப்படங்களில் வெகுகாலமாக ஒரு வார்ப்பு இருக்கிறது. வெள்ளைக்கார நாயகனின் சோகத்தைத் தீர்ப்பதற்கென்றே வரும் கறுப்பு மனிதர். அவருக்குச் சொந்தமாக ஆசை கிடையாது, காதல் கிடையாது, கதை முடிந்ததும் போய்விடுவார். ட்ரிஸ் அந்த வார்ப்புக்கு ஆபத்தான அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறான். வாத்தியக் குழு வாசித்து முடித்ததும் 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' என்ற அமெரிக்க இசைக்குழுவின் பாட்டைப் போட்டு ஆடுகிறான், விறைப்பாக நின்ற வீடு முழுக்க ஆடத் தொடங்குகிறது. கறுப்பருக்கு உடம்பு, வெள்ளையருக்கு அறிவு என்ற பழைய பங்கீடு இது. ஒமர் சீ அந்த நடனத்தை எவ்வளவு அழகாக ஆடினாலும் பங்கீடு மாறவில்லை.

நான் வேறுபடுவது ஓரிடத்தில். எசமானைச் சிரிக்க வைப்பவன், எசமான் எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதைத் தான் தீர்மானிப்பதில்லை. ட்ரிஸ் தீர்மானிக்கிறான். ஓவியம், ஓபெரா, கடிதத்தில் கவிதை எழுதிக் காதலிப்பது எல்லாம் அவன் கண் வழியாகத்தான் நமக்கு வேடிக்கையாகத் தெரிகின்றன. அவனைப் பார்த்து நாம் சிரிக்கும் இடங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. கணக்குப் போட்டால் அவனோடு சேர்ந்து சிரிக்கும் இடங்களே அதிகம்.

பிலிப்பின் நண்பர் ஒருவர் எச்சரிக்க வருகிறார்: அந்தப் புறநகர்ப் பையன்களுக்கு இரக்கமே கிடையாது. எனக்கு வேண்டியதும் அதுதான், இரக்கம் வேண்டாம் என்கிறார் பிலிப். என் கையால் வாங்க முடியாது என்பதை மறந்துவிட்டு அடிக்கடி என்னிடம் போனை நீட்டுகிறான் என்று சந்தோஷமாகச் சொல்கிறார். படத்தின் உயிர் அந்த நீட்டிய போனில் இருக்கிறது. இரக்கம் என்பது மேலே நின்று கீழே பார்ப்பது. ட்ரிஸ் அப்படிப் பார்க்காததற்குக் காரணம், அவனை எல்லோரும் அப்படியோ அதைவிட மோசமாகவோ பார்த்தே பழகியிருக்கிறார்கள்.

பிரான்ஸில் ஏன் இந்த விவாதம் அப்படிக் கிளம்பவில்லை?

பிரெஞ்சுக் குடியரசு தன் குடிமக்களை நிறத்தால் எண்ணுவதில்லை. அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ற கட்டமே கிடையாது. 1978-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விவரங்களைத் திரட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. 2007 நவம்பரில் அரசியலமைப்பு மன்றமும் இனவாரிப் புள்ளிவிவரத்துக்கு வழிவகுக்க முயன்ற ஒரு சட்டப் பிரிவை நிராகரித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூதர்களைப் பட்டியல் எடுத்து முகாம்களுக்கு அனுப்பிய நினைவு அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

விளைவு என்னவென்றால், எண்ணாததைப் பேசுவதும் கடினமாகிவிடுகிறது. 2005 அக்டோபர் இறுதியில் கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில் போலீஸிடமிருந்து ஓடிய இரண்டு சிறுவர்கள் மின்நிலையத்துக்குள் ஒளிந்து மின்சாரம் பாய்ந்து இறந்தார்கள். மூன்று வாரம் நாடெங்கும் புறநகர்கள் எரிந்தன. அதற்குப் பிறகுதான் திரையில் யார் தெரிகிறார்கள் என்ற கேள்வி அரசின் காதில் விழுந்தது. பன்மைத்தன்மையைக் காட்டும் படங்களுக்கென ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தொலைக்காட்சியில் வெள்ளையர் அல்லாதவர்கள் எவ்வளவு தெரிகிறார்கள் என்று ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு 2009 முதல் அளக்கத் தொடங்கியது. அந்தக் கலவரம் நடந்து ஆறே ஆண்டு கழித்து வந்த படம் இது. ஒரு புறநகர்ப் பையனும் ஒரு பிரபுவும் சேர்ந்து சிரிப்பதைப் பார்க்க அந்த நாடு எவ்வளவு ஆசைப்பட்டிருக்கும் என்பதை இந்தப் பின்னணியில் யோசித்தால் அந்த 1.94 கோடி வியப்பாக இல்லை.

ஒமர் சீக்கு சேசார் விருது கிடைத்தது அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம். சேசார் என்பது பிரெஞ்சுத் திரைத்துறையின் தேசிய விருது. 2012 பிப்ரவரியில் சிறந்த நடிகருக்கான சேசார் அவருக்குக் கிடைத்தது. அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பு நடிகர் அவர். சேசார் விருதுகள் 1976-இல் தொடங்கியவை, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவர் தோற்கடித்தது 'தி ஆர்டிஸ்ட்' படத்தின் ழான் துழார்தானை. துழார்தான் இரண்டு நாள் கழித்து ஆஸ்கர் வாங்கினார்.

ஒமர் சீ பிறந்தது 1978-இல், பாரீஸுக்கு மேற்கே உள்ள த்ராப் என்ற புறநகரில். தந்தை செனகல், தாய் மொரித்தானியா, வீட்டில் எட்டுப் பிள்ளைகள். நகைச்சுவை நடிகர் ஜமேல் தெபூஸும் அதே ஊர்தான். தொலைக்காட்சியில் சிறு சிறு நகைச்சுவைத் துணுக்குகள் செய்து மேலே வந்தவர் ஒமர் சீ. ட்ரிஸின் பேச்சில் இருக்கும் வேகமும் சட்டென்று மாறும் முகமும் எழுத்தில் மட்டும் வந்தவை அல்ல. தாளில் தட்டையாக இருந்திருக்கக்கூடிய ஒரு பாத்திரத்துக்குள் அவர் ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். ஒரு நடிகரை நம்பி எழுத்தாளர்கள் தப்பித்துக்கொள்வதும் உண்டு, அதுவும் இங்கே கொஞ்சம் நடந்திருக்கிறது.

படத்தில் பெண்கள்?

இங்கேதான் எனக்குச் சமாதானமே இல்லை.

செயலாளர் மகாலியை ட்ரிஸ் விடாமல் தொந்தரவு செய்கிறான், படம் அதைக் குறும்பு என்று எண்ணுகிறது. கடைசியில் அவளுக்கு ஒரு காதலி இருப்பது தெரிய வருகிறது, அதுவும் ஒரு சிரிப்பு. அவளுடைய 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அதுவரை மதிப்பே இல்லை, அப்புறம்தான் காரணம் கிடைத்தது போல.

அத்தை ஃபாத்து பாத்திரம் இன்னும் உறுத்துகிறது. உண்மையில் ட்ரிஸை வளர்த்தவர் அவர். சிறையிலிருந்து வந்தவன், மாளிகையில் திருடிய ஃபபெர்ஜே முட்டையை, அதாவது விலைமதிப்பற்ற ஓர் அலங்கார முட்டையைப் பரிசு என்று நீட்டுகிறான். குழந்தைகள் சாப்பிடும் சாக்லேட் முட்டையைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, இதை வைத்தா வாடகை கட்டுவேன், சாமான் வாங்குவேன் என்று கொதிக்கிறார். வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார். எவ்வளவு களைப்பு, எவ்வளவு நியாயம்! நம் சித்திகளும் அத்தைகளும் இப்படித்தான் பேசுவார்கள்.

பிறகு ஓர் இரவுக் காட்சி. உயர்ந்த அலுவலகக் கட்டடம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தை சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். ட்ரிஸ் கீழே நின்று பார்க்கிறான். அவ்வளவுதான், படம் அங்கிருந்து போய்விடுகிறது. பிலிப்புக்கு இறந்த மனைவி, அவருடைய புகைப்படம், கடிதங்கள், வலி, காதல் எல்லாம் இருக்கின்றன. அத்தைக்கு ஒரு கோபமும் ஒரு துடைப்பமும். பிரதிநிதித்துவம் என்று பேசும்போது எத்தனை கறுப்பு முகம் வந்தது என்று நான் எண்ணுவதில்லை. யாருக்கு வீடும் கடந்த காலமும் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முழுப் படம் இருக்கிறது, அதை இவர்கள் எடுக்கவில்லை.

உடல் செயலிழந்தவராக நலமான நடிகர் நடித்தது சரியா?

இன்று எடுத்தால் இந்தக் கேள்வி முதலிலேயே எழும். 2011-இல் பெரிதாக எழவில்லை. க்ளூஸே முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடித்தார், அது பெரிய வேலை. ஆனால் சக்கர நாற்காலியில் வாழும் நடிகர்களுக்கு இத்தகைய வாய்ப்பு வருவதே இல்லை என்பது அதனால் இல்லாமல் போகாது.

எழுத்தைப் பொறுத்தவரை படம் நன்றாகவே செய்திருக்கிறது. கை இல்லையா, அப்போது சாக்லேட்டும் இல்லை என்று ட்ரிஸ் கேலி செய்வது பிலிப்பின் முகத்துக்கு நேராக. பிலிப்பும் சேர்ந்து சிரிக்கிறார். அவருக்கு உடல் இன்பம் பற்றிய ஆசை உண்டு, கோபம் உண்டு, இரவில் மூச்சு முட்டும் பயம் உண்டு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவருடைய வாழ்க்கை தாங்கக்கூடியதாக இருப்பது பணத்தால். மாளிகை இல்லாத, உதவியாளரை வைத்துக்கொள்ள வழியில்லாத ஒரு பிலிப்பின் கதை வேறு மாதிரி இருக்கும். உண்மையான போஸ்ஸோ தி போர்கோ அதை அறிந்திருந்தார். படத்தின் லாபத்தில் ஒரு பங்கு, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து வாழும் இல்லங்களை நடத்தும் ஒரு சங்கத்துக்குப் போக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்.

'தோழா' இந்த விஷயத்தை எப்படிக் கையாண்டது?

வம்சி பைடிபள்ளி இயக்கி 2016 மார்ச்சில் தமிழில் 'தோழா', தெலுங்கில் 'ஊபிரி' என்று வந்தது. நாகார்ஜுனா பணக்காரர், கார்த்தி அவரைப் பார்த்துக்கொள்ள வரும் சீனு, தமன்னா செயலாளர். பாரீஸிலும் காட்சிகள் எடுத்தார்கள்.

நட்பு அப்படியே வந்தது, நிறம் வரவில்லை. வர முடியாது, அது இங்கே வேறு பெயரில் இருக்கிறது. கார்த்தியின் சீனு ஏழை, சில்லறைத் திருடன், வாயாடி, அதோடு சரி. ஒரு பணக்கார வீட்டில் புதிதாக வரும் ஆள் எந்தத் தெருவிலிருந்து வருகிறான், எந்தக் குவளையில் தண்ணீர் குடிப்பான், சமையலறைக்குள் வரலாமா என்ற கேள்விகள் நம் வீடுகளில் சொல்லாமலே கேட்கப்படுகின்றன. தொடுவதே வேலையாக உள்ள ஒரு கதையில் அவை எழாமல் இருக்குமா? படம் அதைத் தொடவில்லை. கார்த்தியும் நாகார்ஜுனாவும் நன்றாகச் செய்திருக்கிறார்கள், குடும்பத்தோடு பார்க்கலாம். ஆனால் மூலப் படத்தின் தலைப்பில் நம்மிடமிருந்து கடன் வாங்கிய அந்தச் சொல், திரும்பி நம் ஊருக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு பிரெஞ்சு நகைச்சுவை மாறியதா?

மாறியது, ஆனால் கோணலாக. 2014-இல் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் நான்கு பெண்களும் அரபியர், யூதர், சீனர், ஆப்பிரிக்கர் என்று மணக்கும் நகைச்சுவைப் படத்தை 1.2 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அதில் ஒவ்வொருவரும் தன் இனத்தின் அடையாள அட்டையாகவே வருகிறார்கள், எனக்கு ஒட்டவில்லை. 2018-இல் ஐஸ்ஸா மைகா உட்பட 16 நடிகைகள், கறுப்பு என்பது என் தொழில் அல்ல என்ற தலைப்பில் நூல் எழுதி, கான் திரைப்பட விழாவின் படிக்கட்டில் ஒன்றாக ஏறி நின்றார்கள். தாதி, வேலைக்காரி, பாலியல் தொழிலாளி வேடங்களைத் தவிர வேறு எதுவும் தங்களைத் தேடி வருவதில்லை என்றார்கள். அத்தை ஃபாத்துவின் துடைப்பத்தை நினைத்துக்கொண்டேன்.

எனக்கு நம்பிக்கை தந்தது 2020-இல் ழான்-பஸ்கால் ஸாதி செய்த படம். கறுப்பர்கள் பேரணி ஒன்றை நடத்தத் துடிக்கும் தோற்றுப்போன நடிகனைப் பற்றியது. பிரதிநிதித்துவம் பற்றிய வாதங்களையே நகைச்சுவையாக்கியது. எழுதியதும் அவரே, நடித்ததும் அவரே. சிரிப்பு முழுக்க அவர் கையில்.

பிரான்ஸில் உள்ள தமிழர்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?

பாரீஸின் லா ஷப்பெல் பகுதியில் இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலைகளிலும் அங்கே தமிழர்கள் நிறைய. அதாவது அத்தை ஃபாத்து நிற்கும் அதே கண்ணாடிக்குப் பின்னால். நகைச்சுவைப் படங்கள் அவர்கள் பக்கம் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. 2015-இல் கானில் தங்கப் பனை வென்ற 'தீபன்' திரும்பியது, ஷோபாசக்தி புறநகர் அடுக்குமாடி ஒன்றின் காவலாளியாக நடித்தார். அது சிரிக்கிற கதை அல்ல.

இன்று முதல்முறை பார்ப்பவர் எதைக் கவனிக்கலாம்?

கைகளை. யார் யாருக்கு என்ன நீட்டுகிறார்கள் என்று: போன், முட்டை, தேநீர், சவரக்கத்தி. பார்த்து முடித்த கையோடு 2021-இல் வந்த 'லுப்பன்' தொடரின் முதல் பகுதியையும் பாருங்கள். அதே ஒமர் சீ, லூவ்ர் அருங்காட்சியகத்தில் துப்புரவுத் தொழிலாளியாக நுழைகிறார். துடைப்பவரின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும், அதை நம்பித்தான் ஒரு நெக்லஸைத் திருடத் திட்டம் போடுகிறார். அத்தை நின்ற இடத்தில், பத்து ஆண்டு கழித்து, மருமகன்.